நஞ்சப்பன் வீதி வழியா ஒரு பிளைமவுத்

காலை மிதிச்சுப்போட்டேனுங்களா தம்பி? மன்னிச்சுக்குங்க. பஸ்ஸுல ஏறிப் பல வருசமாச்சு. எந்தக் கம்பியப் புடிக்கறது, எப்படி உள்ள நொழையறதுன்னே மறந்துபோச்சு. சன்னலோரம் நீங்களே உட்காருங்க, எனக்கு இதே போதும்.

பொள்ளாச்சிக்குங்களா? நல்லதாப் போச்சு. நானும் அங்க எறங்கித்தான் ஆனைமலை பஸ் புடிக்கணும். காலையில இதே ரோட்டுல என் சொந்தக் கார்ல போனேன், இப்ப பஸ்ஸுல வர்றேன். காரைத் திண்டுக்கல்லுல ஒரு பாய்க்கு வித்துப்போட்டேன். துக்கம் கேக்கற மாதிரி மூஞ்சியை வெக்காதீங்க. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒருத்தன் வயிறு எரியணும்னே வித்தேன்.

சாதாக் கார் இல்லீங்க. பிளைமவுத். அமெரிக்காக்காரன் வண்டி, அம்பத்தி நாலாம் வருசத்து மாடல். மூக்குல சின்னதா ஒரு கப்பல் பொம்மை இருக்கும். முன்னாடி சீட்டு நம்மூட்டுக் கட்டில் மாதிரி ஒரே நீளம். வால்பாறையில ஒரு எஸ்டேட் கொட்டாயில கெடந்துச்சு. டயர் இல்லை, கண்ணாடி இல்லை, இஞ்சின் துருப்புடிச்சு இறுகிப்போயி, பின்சீட்டுல கோழி அடை படுத்திருந்துச்சு. கோழியை எறக்கிவிட்டுட்டு நான் வாங்குனேன். வாங்குனது நான். இதை நல்லா மனசுல வெச்சுக்குங்க.

வேலை செஞ்சது நஞ்சப்பன். எனக்கும் அவனுக்கும் பள்ளிக்கூடத்துப் பழக்கம். பொள்ளாச்சியில லாரிக்குக் கூண்டு கட்டற பட்டறை வெச்சிருந்தான், இப்ப மகன்கிட்ட விட்டுட்டான். கொட்டாயில வண்டியைப் பார்த்ததும் அவன் என்னையப் பார்க்கலை, வெலை என்னன்னு கேக்கலை. குனிஞ்சு அடியில போயிட்டான். மேல வரும்போது தலையெல்லாம் ஒட்டடை. "ஆறுக்குட்டி, இதை விட்டுறாதடா"ன்னான்.

பழைய இஞ்சினைத் தூக்கிப்போட்டுட்டு ஒரு வேனோட டீசல் இஞ்சினை வெச்சான். அதுக்குத் தகுந்த கியர் பாக்ஸ். பிரேக்கெல்லாம் புதுசு. ஏசி வெச்சான். ஆனா வெளிய இருந்து பார்த்தா ஒரு மாத்தமும் தெரியாது. இஞ்சின் மாத்துனதை ஆர்.சி. புக்குல முறையா ஏத்துனது நான், ஆபீஸு ஆபீஸா அலைஞ்சது நான். அவன் வேலை செஞ்சான், அவ்வளவுதான். அதுக்காக வண்டி அவனோடது ஆயிருமா? ஊருக்குள்ள "நஞ்சப்பன் வண்டி வருது"ன்னுதான் சொல்லுவாங்க. அப்பல்லாம் நான் சிரிச்சுக்குவேன். இப்ப நெனச்சா அப்பவே சுதாரிச்சிருக்கணும்.

சாவி ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு அவன்கிட்ட. அங்கதான் மோசம் போனேன்.

எனக்கு ஒரே பொண்ணு, சுகந்தி. பால் சங்கத்துல வேலை. கூட வேலை பார்க்கற ஒரு பையனைக் கட்டிக்கறேன்னா. நம்ம ஆளுக இல்லீங்க. எந்த ஆளுன்னு கேக்காதீங்க, நான் சொல்லவும் மாட்டேன். பையன் நல்ல பையன்னு நாலு பேர் சொன்னாங்க. நல்லவன்னா நல்லவனாவே இருந்துட்டுப் போகட்டும், என் மகள்கிட்ட என்ன வேலை? நான் முடியாதுன்னுட்டேன். அடிக்கலை, ரூம்ல போட்டுப் பூட்டலை. சாப்பாடு மட்டும் வேண்டாம்னுட்டேன், எனக்கு. நான் பட்டினி கெடந்தா மனசு மாறுவான்னு பார்த்தேன். அவ என் பக்கத்துல உட்கார்ந்து அவளும் சாப்பிடாம இருந்தா. கடைசியில எங்கூட்டுக்காரி ரெண்டு பேரையும் திட்டிச் சோத்தைப் போட்டா. பேச்சு அத்தோட நின்னுபோச்சு. சரி, பொண்ணு அடங்கிட்டான்னு நெனச்சேன்.

ஆவணி மாசம் ஒரு நாள் காலையில நஞ்சப்பன் வந்தான். "பிரேக்கு சத்தம் கேக்குதுன்னியே, ஒரு ஓட்டம் பார்த்துட்டு வர்றேன்"ன்னான். நான் பிரேக்கு சத்தம் கேக்குதுன்னு சொன்னதே இல்லை. வயசாகுது, மறந்திருப்போம்னு விட்டுட்டேன். சுகந்தி வேலைக்குக் கெளம்பி வந்தா. நல்ல சேலை. "மாமா, போற வழியில என்னை எறக்கி விட்டுருங்க"ன்னா. நானே கதவைத் தொறந்துவிட்டேன் தம்பி. அந்த முன்கதவை லேசாத் தூக்கித் தொறக்கணும், இல்லீன்னா சிக்கும். தூக்கித் தொறந்து, சேலை மாட்டிக்காம பார்த்துச் சாத்தியும் விட்டேன்.

மத்தியானம் வண்டி திரும்பி வந்துச்சு. கழுவித் தொடைச்சு, நெழல்ல நிறுத்தி, நேரா வந்து என் எதுத்தாப்புல நின்னான். மறைக்கலை, சுத்தி வளைக்கலை. "கல்யாணம் முடிஞ்சுதுடா. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்"ன்னான்.

நான் வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். அப்புறம் கேட்டேன். "ஏண்டா, என் வண்டியிலயேவா?"

அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுங்களா? "அவ எப்படியும் போகத்தான் போறா. டவுன் பஸ்ஸுல நின்னுட்டுப் போயிக் கல்யாணம் பண்ணிக்கோணுமா? அப்பன் வண்டியில போகட்டும்னுதான் எடுத்துட்டுப் போனேன்"ன்னான்.

எத்தனை திமிரு பாருங்க. அப்பன் வண்டியாம். அந்தப் பேச்சை நான் படுக்கையில சொல்லிப் பார்த்திருக்கேன், தோப்புல தண்ணி கட்டும்போது சொல்லிப் பார்த்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் கோவம் எச்சாத்தான் ஆகுதே ஒழிய கொறையலை. சாயங்காலம் வண்டிக்குள்ள போய் உட்கார்ந்தேன். பின்சீட்டு இடுக்குல மல்லிகைப் பூ சிக்கிக் கெடந்துச்சு. ஒண்ணொண்ணா எடுத்து வெளிய போட்டேன். வாசம் போகலை.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், நஞ்சப்பனைச் சும்மா விடறதில்லைன்னு. சுகந்தியை விட்டுருங்க, அது சின்னப்புள்ளை, அறியாதது. இருவத்தேழு வயசுல என்ன தெரியும்? கெடுத்தது இவன்.

மொதல்ல போலீஸுக்குப் போனேன், காரைத் திருடிட்டான்னு. அங்கிருந்த அய்யா, "சாவி எப்படி அவர்கிட்ட போச்சு?"ன்னார். நான் குடுத்ததுதான்னேன். "வண்டி இப்ப எங்க?" வீட்டுல நிக்குதுன்னேன். கழுவி நிறுத்திட்டுப் போனதையும் சொன்னேன். டீ குடிச்சுட்டுப் போங்கன்னார்.

அப்புறம் வண்டியை எரிச்சுரலாம்னு ஒரு நாள் தோப்புக்குள்ள கொண்டு போனேன். காஞ்ச தென்னை மட்டையெல்லாம் சேர்த்தேன். ஆனா பக்கத்துல காய்க்கற மரம், தீப்புடிச்சா வீணாப்போயிரும். அதனால திரும்பக் கொண்டு வந்துட்டேன். மட்டை கீறுனதுல கதவுல ஒரு கோடு விழுந்திருந்துச்சு, அதைப் பாலிஷ் போட்டுத் தேய்ச்சு எடுக்க ரெண்டு நாளாச்சு.

அப்பத்தான் வித்துரலாம்னு தோணுச்சு. அவன் கையால கட்டுன வண்டி, கண்ணுக்கு எட்டாத ஊருக்குப் போயிரணும். அவனை அடிச்சாக்கூட அந்த வலி வராது.

பங்காளி பையன் ஒருத்தன் போன்ல போட்டோ எடுத்து எதுலயோ போட்டுவிட்டான். மறுநாளே நஞ்சப்பன் ஆள் அனுப்பிட்டான். "விக்கறதா இருந்தா எனக்குக் குடு, நீ சொல்றதுதான் வெலை"ன்னு. "எந்த ஊர்க்காரனுக்கு வேணாலும் விப்பேன், அவனுக்கு மட்டும் இல்லை"ன்னு சொல்லி அனுப்புனேன். அவன் பொண்டாட்டி வந்துச்சு. "அண்ணா, அவரு ராத்திரியில தூங்கறதில்லீங்க"ன்னுச்சு. அந்தப் புள்ளைக்குக் காப்பி போட்டுக் குடுக்கச் சொன்னேன். மனசுக்குள்ள எனக்குப் பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. தூங்காம இருக்கட்டும். நானும் தூங்கலையே.

வாங்கறதுக்குப் பல பேர் வந்தாங்க. ஒருத்தன் வந்து உள்ள ஏறாமயே "இதைக் கருப்பு அடிச்சு, மேல தீ படம் போட்டா நல்லா இருக்கும்"ன்னான். அனுப்பிட்டேன். இன்னொருத்தர் கோயமுத்தூர்ல ஓட்டல் வெச்சிருக்கறவர். வண்டியை நடுவுல ரெண்டா அறுத்து, முன்பாதியைக் கல்லாவா வெக்கப்போறாராம். கேட்டதும், இவன்தான்டா ஆளுன்னு மனசு குதிச்சுது. நஞ்சப்பன் கட்டுன வண்டியை ரம்பம் வெச்சு அறுத்தா அதுக்கு மேல என்ன வேணும்? வந்தவங்கள்ல வெலையும் அவர்தான் எச்சாச் சொன்னார். சரீன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் வேண்டாம்னுட்டேன். படியலீங்க. என்னமோ படியலை.

பாய் கடைசியா வந்தார். லியாகத் அலின்னு பேரு, திண்டுக்கல்லுல ஜவுளிக்கடை. செருப்பைக் கழட்டிட்டு வண்டிக்குள்ள ஏறுனார். ஸ்டியரிங்கைத் தொட்டுட்டு அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கோயமுத்தூர்க்காரரை விடக் கம்மியாத்தான் கேட்டார். இருந்தாலும் திண்டுக்கல்லு தூரந்தானுங்களே. நஞ்சப்பன் கண்ணுல படாது. அதுக்காகத்தான் அவருக்குக் குடுத்தேன். வேற காரணம் ஒண்ணுமில்லை.

ஒரே ஒரு கண்டிசன் போட்டேன். "பாய், வண்டியை ஆனைமலையில எடுத்துட்டு நேராப் போகக்கூடாது. பொள்ளாச்சியில நான் சொல்ற வீதி வழியாப் போயி, நான் சொல்ற வீட்டு முன்னால நிறுத்தி ஆரன் அடிக்கணும்"னேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சரீன்னார்.

இன்னைக்கு வியாழக்கெழமை. நாளும் பார்த்துத்தான் வெச்சேன். சுகந்தியும் அந்தப் பையனும் நஞ்சப்பன் வீட்டு மாடியிலதான் இருக்கறாங்கன்னு கேள்வி. வியாழக்கெழமைன்னா ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருப்பாங்க. எனக்கு அவங்களைப் பார்க்க வேண்டியதில்லை. நஞ்சப்பன் மூஞ்சியைப் பார்த்தாப் போதும்.

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி போட்டுக்கிட்டுப் பின்சீட்டுல நடுவுல உட்கார்ந்தேன். எங்கூட்டுக்காரி வாசல்ல நின்னு கண்ணைத் தொடைச்சா. அவளுக்கு மனசு எளகுனது. இந்த ஆறேழு மாசமா வெள்ளிக்கெழமையானா பெரிய தூக்குப்போசி நெறயச் சோறும் கொழம்புமா எடுத்துட்டுப் பொள்ளாச்சிக் கோயிலுக்குப் போறா. அம்மனுக்கு எதுக்கு மீன் கொழம்புன்னு ஒரு தடவை கேட்டேன், வேண்டுதல்னுட்டா. எனக்காகத்தான் வேண்டிக்கறாபோல.

வீதிக்குள்ள நொழைஞ்சு, வீட்டு முன்னால நிறுத்தி, பாய் ஆரனை அமுத்துனார். அந்த ஆரன் சத்தம் வேற எந்த வண்டிக்கும் வராது. நஞ்சப்பன் பனியனோட ஓடி வந்தான். கேட்டுக்கு வெளிய வர்றவரைக்கும் அவன் மூஞ்சியில சிரிப்பு தம்பி. நான் சமாதானமாயிட்டேன்னு நெனச்சுட்டான். அப்புறம் ஸ்டியரிங்குல பாயைப் பார்த்தான். பின்னால என்னைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே எறங்குச்சு. அதைப் பார்க்கத்தான் போனேன். பார்த்துட்டேன்.

அழுவான், சண்டைக்கு வருவான்னு காத்திருந்தேன். அவன் என் பக்கமே வரலை. பாய் பக்கம் போயி, "வாங்குனது நீங்களாங்க?"ன்னான். "எறக்கத்துல கியர்லயே போங்க, வண்டி கனம், பிரேக்கை மட்டும் நம்பாதீங்க"ன்னான். உள்ள போயி ஒரு துணிப்பொட்டலம் எடுத்துட்டு வந்தான். பழைய இஞ்சின்ல இருந்து எடுத்த பித்தளைச் சாமானெல்லாம் தொடைச்சுத் தொடைச்சு வெச்சிருந்திருக்கறான். "வண்டியோட இருக்கட்டும்"னு பாய் கையில குடுத்தான். என் சாமானை அவன் தானம் பண்றான். அத்தனை நேரமும் நான் பின்சீட்டுல தனியா உட்கார்ந்திருந்தேன். வெயில் நேரா மூஞ்சியில அடிச்சுது. அவன் வீட்டுக் காம்பவுண்டு மேல எங்கூட்டுத் தூக்குப்போசி மாதிரியே ஒண்ணைக் கழுவிக் கவுத்து வெச்சிருந்தாங்க. அதே எடத்துல நசுங்கல். எல்லாக் கடையிலயும் ஒரே மாதிரித்தான விக்கறாங்க.

அப்பத்தான் சுகந்தி படி எறங்கி வந்தா.

லீவு போட்டிருந்தா போல. படியில மெதுவா, கைப்புடியப் புடிச்சு எறங்குனா. வயிறு தெரிஞ்சுது. எனக்கு யாரும் சொல்லலை. யாரு சொல்லுவா, நாந்தான் அவ பேச்சையே எடுக்கக்கூடாதுன்னுட்டேனே.

நேராப் பாய்கிட்ட போனா. "அண்ணா, ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிக்கட்டுங்களா?"ன்னா. பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் இருந்த கரண்டுக் கம்பத்தைப் பார்த்தேன். அவர் எறங்கிச் சாவியைக் குடுத்துட்டார்.

நான் எறங்கலை. எதுக்கு எறங்கணும்? கையெழுத்து மாறுற வரைக்கும் வண்டி என் பேருல. வேணும்னா அவ எறங்கட்டும்.

வண்டி கெளம்புச்சு. வீதி முக்குத் திரும்புனதும், "அப்பா, சன்னலை ஏத்திக்குங்க, தூசி வருது"ன்னா. நான் ஏத்தலை. அப்புறம் ஒரு லாரி போச்சு, நெசமாலுமே தூசி வந்துச்சு, ஏத்துனேன். தூசிக்காகத்தான் ஏத்துனேன்.

ரயில்வே கேட்டு சாத்தியிருந்துச்சு. வண்டியை அணைச்சா. முன்னாலயும் போக முடியாது, பின்னாலயும் முடியாது. கண்ணாடியில அவ கண்ணு தெரிஞ்சுது. குழி விழுந்துருச்சு கண்ணு, சரியாத் தூங்கறதில்லைபோல. எளநிக்காரன் வந்தான். ஒண்ணு வாங்குனா. காசு குடுத்து வாங்கறா தம்பி. அத்தனை மரம் வெச்சிருக்கறவன் மகள், ரோட்டுல காசு குடுத்து எளநி வாங்கறா. எனக்கு நஞ்சப்பன் மேலதான் ஆத்திரம் வந்துச்சு. ஒரு எளநிக்கு வழியில்லாம வெச்சிருக்கறான் பாருங்க.

வாங்குன எளநியை அவ குடிக்கலை. திரும்பிப் பார்க்காம கையை மட்டும் பின்னால நீட்டுனா, எனக்கு. நான் வாங்கலை. கையை எடுக்கவே இல்லை அவ. ரயில் வர்ற சத்தம் கேக்குது, கை அப்படியே நிக்குது. வயித்துப்புள்ளைக்காரி, எத்தனை நேரம் புடிச்சிருப்பா? வாங்கிட்டேன். வாங்குனதுக்காகக் குடிச்சிருவேனா? மடியிலயே வெச்சிருந்தேன். ரயில் போயி, கேட்டுத் தொறந்து, திரும்ப வீதிக்கு வர்ற வரைக்கும் வெச்சிருந்தேன். அப்புறம் சீட்டுல சிந்துனா பாய்க்குத்தான கஷ்டம்னு குடிச்சேன்.

எறங்கும்போது, "வர்றேனுங்கப்பா"ன்னா. நஞ்சப்பன் அப்பத்தான் என் சன்னலுக்கு வந்தான். "ஆறுக்குட்டி, சந்தோசமாடா?"ன்னான். கண்ணு செவந்திருந்துச்சு. "சந்தோசந்தான்"னேன். அந்த வீட்டு முன்னால நான் வாயத் தொறந்தது அதுக்கு மட்டுந்தான். சுத்தமா ஜெயிச்சேன் தம்பி. அவன் வண்டியும் போச்சு, நான் எறங்கிக் கையும் குடுக்கலை.

கையெழுத்துப் போட நானும் பாயோட திண்டுக்கல்லுக்குக் கெளம்புனேன், பழனி வரைக்கும் அப்படியே நெஞ்சை நிமித்திக்கிட்டுத்தான் போனேன். எல்லாம் கெட்டது பழனி தாண்டி ஒரு டீக்கடையில. பாய் டீயை ஆத்திக்கிட்டே, "அந்தப் பொண்ணு வண்டி எடுத்ததைப் பார்த்தேங்க. இத்தனை பெரிய வண்டி, கியர் மாத்துன சத்தமே கேக்கலை. எனக்குக்கூட அப்படி வராது. யாருங்க கத்துக்குடுத்தது?"ன்னார்.

"நாந்தான்"னுட்டேன்.

யோசிக்கவே இல்லை, வந்துருச்சு. அதோட நிறுத்தியிருக்கணும், நிறுத்தலை. தோப்புக்குள்ள ரெண்டு தென்னைக்கு நடுவுல வண்டியை ரிவர்ஸ் எடுக்கப் பழக்குனது, கிளச்சு எட்டாம தலகாணி வெச்சு உட்கார்ந்தது, மரத்துல இடிச்சுட்டு என்னைவிடப் பெருசா அவ அழுதது, எல்லாத்தையும் அந்த மனுசன்கிட்டச் சொல்லிட்டேன். டீ ஆறிப்போச்சு. பாய் காசைக் குடுத்துட்டு, வண்டிக் கதவை லேசாத் தூக்கித் தொறந்து, "உக்காருங்க"ன்னார்.

அதுலருந்து மனசு சரியில்லை. அந்த வீட்டு முன்னால ஜெயிச்சதை டீக்கடையில விட்டுட்ட மாதிரி இருக்குது. பாய்க்குப் போன் பண்ணி, நான் கத்துக்குடுக்கலை, சும்மா சொன்னேன்னு சொல்லிரலாமான்னு பஸ் ஏறுனதுல இருந்து யோசிக்கறேன். நம்பர் இருக்குது. ஆனா நான் இல்லைன்னா அப்புறம் யாருன்னு கேப்பார். அந்த வண்டியில அவளைப் பழக்க வேற யாரு இருக்கறா? நஞ்சப்பன்னுதான் நெனப்பார்.

அதுக்கு நான் உசுரோட இருக்கற வரைக்கும் விட மாட்டேன் தம்பி. நாந்தான் கத்துக்குடுத்தேன்.